நடுச்சாமத்தில் கதவைப் பிறாண்டும் செவலை: லோ சுகரும் நாயும், ஒரு செட்டிநாட்டு வீட்டு நிகழ்வு ஆய்வு

இன்சுலின் போடும் பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் "சுகர் இறங்கினா எங்க நாய்க்கு முன்னாடியே தெரிஞ்சிடும்" என்ற பேச்சு அடிக்கடி வரும். அதை வெறும் பாசப் பேச்சு என்று தள்ளிவிடவும் கூடாது, அதை நம்பி மீட்டரை அலமாரியில் வைத்துப் பூட்டவும் கூடாது. நாய் எழுப்பியதும் செய்ய வேண்டியது என்ன, அது எதை உணர்கிறது, உண்மையிலேயே உணர்கிறதா என்று வீட்டில் எப்படிக் கணக்கிடுவது, கணக்கு எங்கே ஏமாற்றும் என்பவற்றை ஒரு நிகழ்வை வைத்துப் பார்ப்போம். நிகழ்வு கற்பித்தலுக்காகக் கட்டியது. காரைக்குடி வட்டாரத்து வீடுகளில் வழக்கமாக அமையும் நிலைமைகளை ஒரே வீட்டில் சேர்த்திருக்கிறோம். நோயாளி, நாய், பதிவேட்டு எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக அமைத்தவை. ஆண்டு குறிப்பிட்டுச் சொல்லும் ஆய்வுகள் மட்டும் மருத்துவ, அறிவியல் இதழ்களில் வெளியானவை.

நோயாளியும் வீடும்

ஆச்சிக்கு வயது 71. சர்க்கரை நோய் வந்து 22 ஆண்டுகள், இன்சுலின் தொடங்கி 9 ஆண்டுகள். பிள்ளைகள் சிங்கப்பூரிலும் சென்னையிலும். கானாடுகாத்தான் பக்கத்துப் பெரிய வீட்டில் ஆச்சியும், சமையலுக்குக் கூட இருக்கும் அம்மாவும் மட்டும். ஆச்சி படுப்பது வளவை (தூண்கள் சூழ்ந்த நடு முற்றத்தை) ஒட்டிய அறையில். சமையல் அம்மா படுப்பது இரண்டாம் கட்டில். நடுவில் இரண்டு கனத்த தேக்குக் கதவுகளும் ஒரு முழ அகலச் சுவரும் இருப்பதால் முனகினால் கேட்காது, கூப்பிட்டாலே கேட்பது கஷ்டம்.

மருந்துகள்: 30/70 கலவை இன்சுலின் காலை 24 யூனிட், இரவு 18 யூனிட், கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும் மாத்திரையான கிளிமிபிரைடு 2 மி.கி.; மெட்ஃபார்மின் 500 மி.கி. இரண்டு வேளை, இரத்தக் கொதிப்புக்கு மெட்டோப்ரோலால் 50 மி.கி. மூன்று மாதச் சர்க்கரையான ஹெச்பிஏ1சி 6.4. "ஆத்தாவுக்கு சுகர் நல்ல கண்ட்ரோல்" என்று பிள்ளைகளுக்குப் பெருமை. சிறுநீரக வடிகட்டும் திறனைக் காட்டும் ஈ.ஜி.எஃப்.ஆர். ஓராண்டுக்கு மேலாகப் பார்க்கவே இல்லை.

நாய் நாலு வயதுப் பெட்டை, நாட்டு நாய், செவலை நிறம், 16 கிலோ. கருத்தடை ஆனது, ஆண்டுதோறும் வெறிநாய்த் தடுப்பூசி போட்டது. ராத்திரி ஆச்சி அறை வாசலில், நிலைப்படியை ஒட்டி ஆத்தங்குடிக் கல் தரையில் படுக்கும்.

அந்த இரவு

வெள்ளிக்கிழமை விரதம். சாயங்காலம் குன்றக்குடி படி ஏறி இறங்கி வந்த ஆச்சி ராத்திரிக்கு இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டார். ஊசி மட்டும் வழக்கம் போல 18 யூனிட், ஏழே முக்காலுக்கு.

இரண்டரை மணி வாக்கில் செவலை அறைக்கதவைப் பிறாண்டியது. உள்ளே போய் ஆச்சி கையை நக்கியது, முந்தானையைக் கவ்வி இழுத்தது. ஆச்சி எழவில்லை. இரண்டாம் கட்டுக் கதவில் போய் விடாமல் குரைத்தது. சமையல் அம்மா வந்து விளக்கைப் போட்டபோது ஆச்சியின் ரவிக்கையும் தலையணையும் தொப்பலாக நனைந்திருந்தன. "ஆச்சி, வேர்த்துக் கொட்டுது பாருங்க, கைய நீட்டுங்க" என்றதற்கு, "பூவக் கட்டி வச்சிட்டியா?" என்று சம்பந்தமில்லாத பதில் வந்தது. மீட்டரில் 48.

70-க்குக் கீழே இறங்கினாலே லோ. 54-க்குக் கீழே போனால் மூளைக்குப் போகும் சர்க்கரை குறைந்து பேச்சு குழறும், முடிவெடுக்க வராது. 48-ல் இருக்கும் ஒருவர் தானே எழுந்து சர்க்கரை டப்பாவைத் தேடிப் போவார் என்று எதிர்பார்க்க முடியாது.

சமையல் அம்மா முதலில் எடுத்தது சம்படத்தில் இருந்த கந்தரப்பம். இந்த இடத்தில்தான் பல வீடுகளில் நேரம் வீணாகிறது. கந்தரப்பம், அதிரசம், சீயம், பால் பணியாரம் எல்லாம் இனிப்புதான், ஆனால் எண்ணெயும் தேங்காய்ப்பாலும் சேர்ந்தவை. கொழுப்பு இருந்தால் வயிறு மெதுவாகத்தான் காலியாகும், சர்க்கரை இரத்தத்துக்குப் போகத் தாமதமாகும். சாக்லேட்டுக்கும் இதே குறை. தேவை 15 கிராம் வெறும் சர்க்கரை: தலைதட்டிய மூன்று டீஸ்பூன் சீனியை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்தது, அல்லது அதே அளவு குளுக்கோஸ் பவுடர். போனில் இருந்த மகன் சொன்னபடி சீனித் தண்ணீர் கொடுத்தார்கள். 15 நிமிடம் கழித்து 66. மறுபடி 15 கிராம். இன்னொரு 15 நிமிடத்தில் 92. அதற்குப் பிறகுதான் ஒரு இட்லியும் கொஞ்சம் பாலும்.

வோக்ளிபோஸ், அகார்போஸ் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சீனி வேலை செய்யத் தாமதமாகும், ஏனென்றால் சீனியை உடைக்கும் நொதியையே அந்த மாத்திரை தடுக்கிறது. அவர்கள் வீட்டில் குளுக்கோஸ் பவுடர் தலைமாட்டில் இருந்தே ஆக வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிட வேண்டும். சர்க்கரையை ஏற்றும் குளுக்ககான் ஊசி வீட்டில் இருந்தால் 1 மி.கி. தொடையில் போடலாம்.

92 வந்தவுடன் எல்லோரும் தூங்கப் போனார்கள். அது சரியல்ல. கிளிமிபிரைடு சாப்பிடுபவருக்கு, அதிலும் சிறுநீரகம் தளர்ந்தவருக்கு வரும் லோ, சரியானது போலக் காட்டிவிட்டு மறுபடி இறங்கும். ஒரு நாளுக்கு மேலும் அப்படி இழுக்கலாம். ஆச்சியை மருத்துவமனையில் வைத்துக் கவனித்திருக்க வேண்டும், குறைந்தது மணிக்கு ஒரு முறை விரலில் குத்திப் பார்த்திருக்க வேண்டும். அடுத்த நாள் பகல் 11 மணிக்கு மறுபடி 61 வந்த பிறகே காரைக்குடிக்குக் கூட்டிப் போனார்கள்.

லோ ஏன் வந்தது

காரைக்குடியில் பார்த்தபோது ஈ.ஜி.எஃப்.ஆர். 38, அதாவது சிறுநீரகம் தளர்ந்திருக்கிறது. உடம்பில் இருக்கும் இன்சுலினை வெளியேற்றுவதில் சிறுநீரகத்துக்கு நல்ல பங்கு உண்டு. அது தளர்ந்தால் அதே 18 யூனிட் கூடுதல் நேரம் நின்று வேலை செய்யும். கிளிமிபிரைடின் சிதைபொருள்களும் தேங்கும். கலவை இன்சுலினில் 70 பங்கு நடுத்தர வேகத்து என்.பி.எச். அது போட்டு நாலு மணி நேரத்துக்கு மேல் உச்சத்துக்கு வரும், இரவு எட்டு மணி ஊசி நள்ளிரவிலிருந்து மூன்று, நாலு மணி வரை இழுக்கும். விரதம், நடை, இரண்டு இட்லி எல்லாம் அதன் மேல் ஏறின.

மெட்டோப்ரோலால் படபடப்பையும் நடுக்கத்தையும் அமுக்கிவிடும், ஆனால் வேர்வையை அமுக்காது. பல ஆண்டுச் சர்க்கரை நோயில் உடம்பின் எச்சரிக்கை மணியே மங்கிப்போகும். ஒவ்வொரு லோவும் அடுத்த லோவின் அறிகுறியை இன்னும் மங்க வைக்கும். ஆச்சிக்குத் தெரியாமல் லோ வருவதற்கு இவை போதும். 6.4 என்ற பெருமையான எண்ணே இரவு லோக்களால் இறங்கிய சராசரியாக இருக்க வாய்ப்பு அதிகம். சிறுநீரகம் தளர்ந்து இரத்தசோகையும் இருந்தால் அந்த எண்ணை நம்பவே முடியாது. இந்த வயதில், இத்தனை நோய்களோடு, 8-க்குள் இருந்தாலே போதும் என்பதுதான் இன்றைய வழிகாட்டல்.

இன்னும் இரண்டு காரணங்களைத் தேடித்தான் ஆக வேண்டும். ஒன்று சிரிஞ்சு. நம் ஊரில் குப்பி இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. பேனா கார்ட்ரிட்ஜில் மில்லிக்கு 100 யூனிட். 100-க்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் உறிஞ்சினால் 18 என்று நினைத்துப் போடுவது 45 யூனிட். மற்றொன்று வெயிலில் கெட்ட குப்பி. சித்திரை, வைகாசியில் மின்சாரம் போய்ப்போய் வரும் வீட்டில் மருந்து வீரியம் இழக்கும், சுகர் ஏறும், அளவைக் கூட்டுவார்கள். பிறகு புதுக் குப்பி வந்ததும் அதே கூட்டிய அளவு முழு வீரியத்தோடு இறங்கும். ஆச்சி வீட்டில் சிரிஞ்சு சரியாகவே இருந்தது. ஆனால் கலங்கலாக இருக்க வேண்டிய மருந்தை உருட்டாமலேயே எடுத்து வந்தார்கள். உள்ளங்கைகளுக்கு நடுவே பத்து முறை உருட்டி, பத்து முறை மேலும் கீழும் கவிழ்க்காவிட்டால் ஒரு நாள் தெளிந்த மேல்பகுதி வரும், இன்னொரு நாள் அடியில் தங்கியது வரும். அளவு நாளுக்கு நாள் மாறும்.

கிளிமிபிரைடு நிறுத்தப்பட்டது. இரவு இன்சுலின் 18-லிருந்து 14 ஆனது, ஆறாவது நாள் 10 ஆனது. இந்த எண்கள் இந்த ஆச்சிக்கு மட்டும். மருத்துவரைக் கேட்காமல் இன்னொருவர் எடுத்துப் பயன்படுத்தக் கூடாது.

நாய் எதை முகர்ந்திருக்கும்

மனித மூக்கில் மணம் உணரும் செல்கள் ஐம்பது, அறுபது லட்சம் என்பார்கள். நாய்க்கு இனத்தைப் பொறுத்து 12.5 கோடியிலிருந்து 30 கோடி வரை. நோயை நாய் முகரும் பேச்சு மருத்துவ இதழ்களில் பரவலாக இடம் பிடித்தது 1989-ல், காலில் இருந்த ஒரு மச்சத்தை விடாமல் முகர்ந்த நாயைப் பற்றி லான்செட்டில் வந்த கடிதத்தோடு. அந்த மச்சம் மெலனோமா என்ற தோல் புற்றுநோய். லோ சுகரைப் பொறுத்தவரை 2000-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் மூன்று நோயாளிகளின் நாய்கள் பற்றிய குறிப்பு வந்தது. 2008-ல் 212 நாய் வளர்ப்பவர்களிடம் கேட்டபோது 65 சதவீதத்தினர், தம் லோவுக்கு நாய் ஒரு முறையாவது வித்தியாசமாக நடந்தது என்றார்கள். இவையெல்லாம் வளர்த்தவர்களின் நினைவிலிருந்து வந்தவை என்பதை மறக்கக் கூடாது.

2016-ல் கேம்பிரிட்ஜில் முதல் வகைச் சர்க்கரை நோயுள்ள 8 பெண்களிடம் சர்க்கரையை மெல்ல இறக்கிப் பார்த்தபோது, மூச்சில் ஐசோப்ரீன் என்ற பொருள் கணிசமாகக் கூடியது. நாய் முகர்வது அதைத்தான் என்று அந்த ஆய்வு நிறுவவில்லை. அதில் நாயே இல்லை. அட்ரினலின் வேர்வையின் மணமாகவும் இருக்கலாம். மன அழுத்தத்தில் இருப்பவரின் வேர்வை, மூச்சு மாதிரிகளை நாய்கள் 93.75 சதவீதம் சரியாகப் பிரித்தன என்று 2022-ல் ஓர் ஆய்வு வந்தது.

செவலை மணத்தால்தான் எழுந்தது என்றும் அடித்துச் சொல்ல முடியாது. ஆச்சி புரண்டிருப்பார், முனகியிருப்பார், மூச்சு மாறியிருக்கும். நாய்க்குக் காதும் கண்ணும் உண்டு. வீட்டுச் சூழலில் இவற்றைப் பிரிக்க வழியில்லை, பிரிக்காமலே பயன்படுத்தலாம். ஆனால் பயிற்சி கொடுக்கப் போகும்போது இந்த வித்தியாசம் முக்கியமாகிவிடும்.

பயிற்சி பெற்ற நாய்களின் முடிவுகளும் ஒன்றுபோல் இல்லை. 2013-ல் தோல் துடைப்பு மாதிரிகளை வைத்துச் சோதித்த மூன்று நாய்களுக்கு லோவைப் பிரிக்கத் தெரியவில்லை. 2015-ல் ஆறு நாய்கள் 50 முதல் 87.5 சதவீதம் வரை கண்டுபிடித்தன. 2017-ல் எட்டு நாய்களை, உடம்பில் ஒட்டிச் சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் சென்சாரோடு ஒப்பிட்டார்கள், அது காட்டும் எண்ணை நோயாளி பார்க்க முடியாதபடி: நாய்கள் பிடித்தது 36 சதவீத லோக்களை, நாய் சொன்னவற்றில் உண்மை 12 சதவீதம், இரண்டும் பிடித்த லோக்களில் சென்சார் 22 நிமிடம் முந்தியது. 2019-ல் பிரிட்டனில் 27 நாய்களைப் பார்த்ததில் லோக்களில் நடு அளவாக 83 சதவீதம் பிடித்தன. அங்கே வீட்டாரே எடுத்த இரத்தச் சோதனைப் பதிவுகளோடு ஒப்பிட்டார்கள். நாய் எழுப்பாத, யாரும் சோதிக்காத லோ அந்தக் கணக்கில் வரவே வராது. 36-க்கும் 83-க்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் பெரும்பகுதி இதனால்தான் என்று நினைக்கிறோம்.

பதிவேடு

அதனால் ஆச்சி வீட்டில் வைத்த பதிவேட்டில் முதல் விதி: நாய் எழுப்பினாலும் எழுப்பாவிட்டாலும் இரவு 10 மணிக்கும் 3 மணிக்கும் விரலில் சோதனை. 10 மணிக்கு 100-க்குக் கீழ் இருந்தால் ஏதாவது சாப்பிடாமல் படுக்கக் கூடாது. கூடவே தோளில் 14 நாள் சென்சார் இரண்டு, அடுத்தடுத்து, 28 இரவு. சென்சார் உள்ள கை அடியில் மாட்டும்படி ஒருக்களித்துப் படுத்தால் பொய்யாக லோ காட்டும். அந்த நேரத்தை விரல் சோதனையோடு ஒத்துப் பார்த்துத்தான் எழுதினார்கள். 70-க்குக் கீழ் 15 நிமிடமாவது நின்றால் மட்டும் லோ. நாய்க்கான வரையறை: கதவைப் பிறாண்டுவது, கையை நக்கி முனகுவது. சும்மா எழுந்து நடமாடியது கணக்கில் இல்லை. இதை முன்கூட்டி எழுதி வைக்காவிட்டால், லோ வந்த இரவில் நாய் காதை ஆட்டியதுகூட எச்சரிக்கையாகிவிடும்.

28 இரவில் லோ 9. நாய் எழுப்பியது 15 இரவு, இரவுக்கு ஒரு முறை. ஒத்துப்போனது 6. ஆக 9 லோவில் 6 பிடித்தது, 67 சதவீதம். எழுப்பிய 15-ல் உண்மை 40 சதவீதம்.

"மூணுல ரெண்டைப் புடிச்சிருச்சே" என்று இங்கேயே நிறுத்தினால் தப்பு. 28 இரவில் 15 இரவு கதவைப் பிறாண்டும் நாய், எதையும் உணராவிட்டாலும், 9 லோ இரவுகளில் ஏறக்குறைய 5 இரவில் பிறாண்டியிருக்கும் (9 × 15 ÷ 28 = 4.8). ஆறு என்பது அதைவிட அவ்வளவு பெரிதல்ல. இரவை மொத்தமாக எடுக்காமல் நேரத்தைப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். இரவு 10 முதல் காலை 6 வரை அரைமணி அரைமணியாகப் பிரித்தால் 28 இரவில் 448 துண்டு. ஒவ்வொரு லோவுக்கும் முந்திய அரைமணியும் லோ நின்ற ஒரு மணி நேரமும் சேர்த்து மூன்று துண்டு, ஆக 27 துண்டு. குருட்டாம்போக்கில் விழும் 15 பிறாண்டலில் அந்த 27-க்குள் விழ வேண்டியது ஒன்றுகூட இல்லை, 0.9. விழுந்தது ஆறு. செவலை எதையோ உணர்கிறது என்று சொல்ல இந்தக் கணக்கு போதும். நாய் எல்லா நேரத்திலும் ஒரே அளவில் எழுந்திருக்காது என்பதால் இதுவும் தோராயம்தான்.

ஆனால் அந்த ஆறில் நான்கு, சென்சார் 70-க்குக் கீழே இறங்கிப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆன பிறகுதான் வந்தன. சென்சாரே இரத்தத்துக்குச் சில நிமிடம் பின்னால் வருவது. ஆக நாய் பெரும்பாலும் முன்கூட்டிச் சொல்வதில்லை; இறங்கிய பிறகு சொல்கிறது. கூப்பிட்டால் கேட்காத வீட்டில் அதுவே பெரிய உதவி.

முதல் 14 இரவில் லோ 7, எழுப்பியது 8, உண்மை 5. மருந்து திருத்திய பின் இரண்டாம் 14 இரவில் லோ 2, எழுப்பியது 7, உண்மை 1. நாய் மாறவில்லை, லோ குறைந்ததால் அதன் சொல்லில் உண்மைப் பங்கு 63-லிருந்து 14 சதவீதமாக இறங்கியது. மருந்து சரியாகச் சரியாக எந்த எச்சரிக்கைக் கருவிக்கும் இது நேரும். குடும்பம் இதை "நாய் கெட்டுப்போச்சு" என்று எடுத்துக்கொள்ளும் அபாயம் உண்டு.

பிஸ்கட்

பொய்யான 9 எழுப்பலில் மூன்று, ஓட்டின் மேல் மரநாய் ஓடிய சத்தத்துக்கு. இரண்டுக்குக் காரணம் தெரியவில்லை. நான்கு அதிகாலை நாலரை, ஐந்து மணிக்கு, எல்லாம் மூன்றாம் வாரத்துக்குப் பிறகு. காரணம் மாரி பிஸ்கட். லோ சரியான பின் ஆச்சி இரண்டு பிஸ்கட் சாப்பிட்டு, "பாவம், அதுதானே எழுப்புச்சு" என்று ஒன்றை நாய்க்குக் கொடுத்து வந்தார். கதவைப் பிறாண்டினால் விளக்கு எரியும், ஆள் வரும், பிஸ்கட் வரும் என்று செவலை கற்றுக்கொண்டது. நாயின் பார்வையில் அது சரியான பாடம்.

திருத்தம் எளிது, கடைப்பிடிப்பது கடினம். நாய் எழுப்பினால் யாரும் கொஞ்சக் கூடாது, திட்டவும் கூடாது. பேசாமல் மீட்டரை எடுக்க வேண்டும். 70-க்குக் கீழ் என்றால் முதலில் ஆச்சிக்குச் சீனித் தண்ணீர், உடனே நாய்க்கு அவித்த கோழித் துண்டு ஒன்று, எப்போதும் அதே ஒரு சொல்லோடு. 70-க்கு மேல் என்றால் ஒன்றும் இல்லை, விளக்கை அணைத்துவிட்டுப் படுக்க வேண்டும். திட்டினால் அடுத்த முறை உண்மையான லோவுக்கும் எழுப்பாது. 75, 80 என்று இருந்தால் 15 நிமிடம் கழித்து இன்னொரு முறை பார்க்க வேண்டும். சாதாரண மீட்டரில் 15 புள்ளி வரை வித்தியாசம் வரலாம், சுகர் இறங்கிக்கொண்டும் இருக்கலாம்.

மணப் பயிற்சி: எடுத்ததும் விட்டதும்

மகனுக்கு நாயை முழுதாகப் பழக்க ஆசை. அதற்கு லோ நேரத்து மாதிரி வேண்டும். ஆச்சிக்குச் சீனி கரைப்பது ஒருவர் வேலை. அந்த நேரத்தில் இன்னொருவர் கையுறை போட்டு, மலட்டுத் துணியால் கழுத்தையும் முன்கையையும் துடைத்துக் கண்ணாடிக் குப்பியில் போட்டு மூட வேண்டும். ஆள் ஒருவர்தான் என்றால் மாதிரியே வேண்டாம். சீனித் தண்ணீர் வாயில் பட்ட பிறகு எடுத்தால் நாய் சீனியைக் கற்றுக்கொள்ளும். தேதி, நேரம், மீட்டர் எண் எழுதி ஒட்டி உறைபெட்டியில் வைக்க வேண்டும், கருவாட்டுப் பொட்டலம் இருக்கும் பெட்டியில் அல்ல.

ஒப்பீட்டு மாதிரி இதைவிட முக்கியம்: அதே ஆச்சி, அதே இரவு நேரம், அதே துணிக்கட்டு, அதே குப்பி வகை, அதே அளவு நாள் உறையில் இருந்தது, சுகர் மட்டும் 90 முதல் 150. ஒன்று இரவிலும் ஒன்று குளித்து மஞ்சள் பூசிய பகலிலும் எடுத்தால் நாய் மஞ்சளைப் பிரித்துக் காட்டிக் கோழித் துண்டு வாங்கிவிடும்.

அமர்வு ஐந்து முதல் பத்து நிமிடம், விடியற்காலை அல்லது இருட்டிய பிறகு. பகல் வெயிலில் நாய் வாயைத் திறந்து இளைக்கும்; இளைக்கும்போது முகர்வது குறையும். தரையைப் பினாயில் போட்டுத் துடைத்த அன்று பயிற்சி இல்லை. முதலில் ஒரே குப்பி, மூக்கை வைத்ததும் பரிசு. பிறகு இரண்டு. பிறகு வரிசையாக ஐந்து: ஒன்று லோ, மூன்று சாதாரணம், ஒன்று வெறும் துணி. குப்பிகளை வைத்தவர் அறையை விட்டுப் போய்விட வேண்டும். நாயைப் பிடித்திருப்பவருக்கு எது எங்கே என்று தெரியக் கூடாது. தெரிந்தவர் சரியான குப்பி அருகே அரைநொடி தயங்கினாலே நாய்க்குப் போதும். இடையிடையே லோ குப்பியே இல்லாத சுற்றும் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏதாவது ஒன்றைக் காட்டியே ஆக வேண்டும் என்று அது பழகிவிடும்.

சோதனைச் சுற்றில் பரிசு கிடையாது. பழகிய மாதிரிகளில் செவலை 10-க்கு 6 சரி. ஐந்தில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் காட்டி இப்படி வர வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் கீழ். எல்லோருக்கும் சந்தோஷம். பிறகு பயிற்சியில் ஒருபோதும் காட்டாத வேறொரு லோ இரவின் மாதிரியை வைத்தார்கள்: 10-க்கு 3. இது தற்செயலாகவே மூன்றில் ஒரு முறை வரும். நாய் லோவின் மணத்தைக் கற்கவில்லை, அந்தக் குறிப்பிட்ட குப்பிகளை மனப்பாடம் செய்திருக்கிறது. கையில் இருந்தது மொத்தம் நாலு நல்ல மாதிரிதான். பொதுமணத்தைப் பிரித்தெடுக்க அது போதாது. கூடுதல் மாதிரிக்காக லோ வரட்டும் என்று யாரும் காத்திருக்கக் கூடாது. மணப் பயிற்சியை அங்கேயே நிறுத்தியது சரியான முடிவு.

பதிலாக எழுப்பும் முறையைப் பழக்கினார்கள், அது நன்றாகவே வந்தது. வளவுத் தூணில் முட்டி உயரத்துக்குக் கயிறு, மேலே தடித்த பித்தளை மணி. கயிறு நுனியில் முடிச்சிட்ட துணி. ஆச்சி கையைத் தொட்டும் எழாவிட்டால் போய் மணியை இழுப்பது செவலை வேலை. தேக்குக் கதவுக்குப் பின்னாலும் அந்த மணி கேட்கும். மின்விசிறியின் திசையையும் மாற்றினார்கள்: முன்பு வாசல் பக்கக் காற்று உள்ளே அடித்தது, இப்போது ஆச்சி மேல் பட்டு வாசலுக்குப் போகிறது. நாய் படுக்குமிடம் வாசலிலேயே. கட்டிலில் ஏற்றவில்லை, அதற்குக் காரணம் ஆச்சியின் கால். உணர்ச்சி மரத்த பாதத்தில் வெடிப்போ புண்ணோ இருந்து நாய் நக்கினால் தெரியாது. நாய் வாயில் இருக்கும் காப்னோசைட்டோஃபாகா போன்ற கிருமிகள் சர்க்கரைக்காரர் உடம்பில் வேகமாகப் பரவக் கூடியவை. ராத்திரி காலுறை, காலையில் பாதச் சோதனை. எழுப்பும்போது பல்லோ நகமோ பட்டுத் தோல் கீறினால் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, தடுப்பூசி போட்ட நாய்தான் என்று இருந்துவிடாமல் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மூன்று மாதம் கழித்து

இரவுக் கலவை ஊசி நின்றது. காலையில் ஒரு வேளை நெடுநேர இன்சுலின், லினாக்ளிப்டின் என்ற சர்க்கரை மாத்திரை 5 மி.கி., மெட்ஃபார்மின் நாளுக்கு 1000 மி.கி.க்கு மேல் போகாமல். ஹெச்பிஏ1சி 7.5. மகனுக்கு முதலில் வருத்தம், 6.4 எப்படி வந்தது என்று சென்சார் வரைபடத்தைக் காட்டிய பிறகு போனது. இப்போது இருப்பது அலாரம் அடிக்கும் சென்சார், சமையல் அம்மா போனிலும் சிங்கப்பூரிலும் ஒரே நேரத்தில் அடிக்கும். விரத நாளுக்குத் தனி அளவு மருத்துவர் கையெழுத்தில் பூஜை அறைக் கதவில் ஒட்டியிருக்கிறது. செவலை எழுப்பினால் இன்றும் மீட்டர் எடுக்கிறார்கள். சென்சார் கழன்று புதியது வரும்வரை இருந்த மூன்று இரவில் அதுதான் துணை.

நாய் எழுப்பவில்லை என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளவே கூடாது. உண்ணிக் காய்ச்சல் வந்தால் நாய் சோர்ந்து கிடக்கும். வயிற்றுப்போக்குக்குக் கால்நடை மருத்துவர்கள் வழக்கமாகக் கொடுக்கும் மெட்ரோனிடசோல், வெடிமருந்து முகரும் நாய்கள் சிலவற்றின் மோப்பத்தை மங்கச் செய்தது 2016-ல் வெளியான ஓர் ஆய்வில் பதிவாகியிருக்கிறது. நாய்க்கு மருந்து ஓடும் நாட்களிலும் முடிந்து பத்து நாள் வரையிலும் 3 மணிச் சோதனையை மறுபடி தொடங்கும்படி பதிவேட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறார்கள்.